கடலில் ஏறாத மீன்காரம்மா

விமானத்தில் ஏறுவதென்றால் எனக்குப் பயம். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். ஒருமுறை பம்பாய்க்குக் கிளம்பி, சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டும் மாட்டிய பிறகு, கதவை மூடப் போகிற நேரத்தில் "என்னை எறக்கி விட்டுடுங்க" என்று அலறி இறங்கி வந்தவள் நான். என் பெட்டியைத் தேடி எடுத்துக் கீழே வைக்கும்வரை மொத்த விமானமும் எனக்காகக் காத்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்காரர் விமானம் என்ற சொல்லையே என் முன்னால் எடுப்பதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் என் மகள் போர்ட் பிளேரில் இருந்தாள். மருமகனுக்கு அங்கே அரசாங்க வேலை. தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்து வரலாம் என்று நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் நான்தான் போக வேண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரம், கப்பலில் மூன்று நாள். கப்பலில் பங்க் வகுப்பு என்று ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கூடம், அதில் ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாகப் படுக்கைகள். ஒரு விமான டிக்கெட் விலையில் ஒரு குடும்பமே போய்வந்துவிடலாம். எனக்குக் கப்பல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகக் கடல் தாண்ட எனக்குத் தைரியமும் இல்லை.

எங்கள் அணுபுரம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸுக்குச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவிடம், சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டே இதைப் புலம்பினேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"நான் வரேன் டீச்சரம்மா. என் புள்ள அங்கதான் கீறான்."

அவளுக்குப் பிள்ளை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அப்பனிடம் சொல்லாமல் கொள்ளாமல் அந்தமானுக்குப் போய், யாருடைய போட்டிலோ வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். "எனக்குப் புள்ளையே இல்ல" என்று அப்பன் குப்பத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டில் அவன் பேரை எடுத்தால் சோற்றுத் தட்டு பறக்கும். இப்போது அங்கிருந்து வந்த ஒருத்தன், பையன் அடிபட்டு வீட்டோடு கிடக்கிறான் என்று இவள் காதில் போட்டிருக்கிறான். எப்படியாவது அவனைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கடலோடு பிறந்து வளர்ந்தவள் துணைக்கு வந்தால் வேறென்ன வேண்டும்? குவார்ட்டர்ஸ் பெண்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். இரண்டு டிக்கெட்டாக எடுத்தோம்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் நாலு மாடிக் கட்டடம் போல நின்றது. இருந்தாலும் இரும்புப் படியில் விறுவிறுவென்று பாதிவரை ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மீன்காரம்மாவைக் காணோம். கீழே படி தொடங்குகிற இடத்திலேயே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பேயறைந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கி ஓடினேன். "என்னம்மா ஆச்சு?"

"நான் கடல்ல ஏறினதே இல்லமா."

"என்னது!"

"கால் நனைச்சிருக்கேன். அதுக்கு மேல போனதில்ல. எங்க பக்கம் பொம்பளைங்க தொழிலுக்குப் போற கட்டுமரத்துல கால வைக்க மாட்டோம். வச்சா மீன் படாதுன்னுவாங்க. போட்டுல கைய வச்சாக்கூட என் வூட்டுக்காரன் திட்டுவான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது வயது, கடலுக்கு முகம் கொடுத்த வீடு, கடலில் பிறக்கிற பிழைப்பு, ஒரு நாள்கூடக் கடலில் போனதில்லையாம்! இவளை நம்பித்தானே நான் கிளம்பினேன். அடிப்பாவி, இதை மீன் விற்கும்போதே சொல்லக்கூடாதா என்று அந்த இடத்திலேயே கத்தினேன்.

"சொன்னா என்னைக் கூட்டிகினு போவியா நீ?"

 அவள் குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா தாயே, கோச்சிக்காத" என்று கடலிடம் சொல்லிவிட்டு, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே ஏறினாள்.

அதோடு முடிந்ததா? கப்பல் நகர்ந்த சிறிது நேரத்திலேயே அவளுக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. கேன்டீனில் பூரி கிழங்கு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவளுக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பதும், வாளியைப் பிடிப்பதும், முதுகைத் தடவுவதுமாக முதல் இரண்டு நாளும் போனது. பக்கத்து பங்க்கில் இருந்தவர், "பாவம், கடலே பாக்காதவங்களா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

வாந்தி ஓய்ந்த நேரத்தில் இன்னொரு குண்டைப் போட்டாள்.

"என் வூட்டுக்காரன்கிட்ட மெட்ராஸ்ல உன் பொண்ணுக்குப் பிரசவம், தொணைக்குப் போறேன்னு சொல்லிகினு வந்துட்டேன்."

"ஐயையோ! தெரிஞ்சா அந்த மனுஷன் என்னையில்ல வெட்டுவாரு?"

"உன்ன இன்னாத்துக்கு வெட்டப்போறான்? என்னத்தான் வெட்டுவான். புள்ளையப் பாத்துட்டு வெட்டு வாங்கிக்கிறேன்."

மூன்றாம் நாள் காலையில் கைத்தாங்கலாக அவளை மேல்தளத்துக்கு அழைத்துப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நாலு பக்கமும் பார்த்தாள்.

"கரை எங்கமா?"

"கரை எங்க இருக்கு இங்க? சுத்தித் தண்ணிதான்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கரை தெரியாத தூரமெல்லாம் என் வூட்டுக்காரன் போய் வரானா? லேட்டா வந்தா எங்க சுத்திட்டு வரன்னு தினம் சண்ட போடுவேன்" என்றாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

போர்ட் பிளேரில் மருமகன் வந்திருந்தார். என்னை மகளிடம் விட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டு மீன்காரம்மாவின் பிள்ளை வீட்டைக் கண்டுபிடித்தார். மறுநாள் நானும் அவளோடு போனேன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஒருவன் சாக்கில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் லுங்கியை இழுத்து இழுத்து மூடினான். மூடுவதற்கு அங்கே ஒரு கால்தான் இருந்தது. மற்றது முழங்காலோடு முடிந்திருந்தது. போட்டில் வலை இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் சுற்றிய கயிறு காலை இழுத்துவிட்டதாம்.

அடிபட்டது என்றுதானே சேதி கொண்டுவந்தவன் சொன்னான்!  அவள் கத்தப்போகிறாள், மார்பில் அடித்துக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கிட்டே போய் அவன் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள்.

"எண்ணெ தேச்சு எவ்ளோ நாளாச்சுடா? இப்டியா கெடப்ப?"

"நீ எப்டிமா வந்த?"

"கப்பல்ல."

"கடல்லயா? பொம்பள நீ? நைனா வுட்டுச்சா?"

"உங்க நைனா கெடக்கட்டும். எண்ணெ எங்க கீது?"

எண்ணெய் வைத்துவிட்ட பிறகுதான் அழுதாள். அழுத அழுகையில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது.

எனக்குப் பேரன் பிறந்தான், தாயும் பிள்ளையும் சுகம். மீன்காரம்மா அடுத்த வாரமே அங்கே மார்க்கெட்டில் கூடை போட்டுவிட்டாள். மொழி தெரியாது, விரலைக் காட்டியே விற்றாள். நான் கிளம்பும் நாள் நெருங்கியபோது, "நான் வரல டீச்சரம்மா. இவனை யாரு பாப்பா? நீயே போய் என் வூட்டுக்காரன்கிட்ட சொல்லிடு" என்றாள். அந்த மனுஷனிடம் போய் நான் எப்படிச் சொல்வது? இதற்கிடையில் எங்கள் வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தார்: அவள் புருஷன் குவார்ட்டர்ஸுக்கு வந்து பெண்டாட்டியைக் கேட்டாராம், இவர் அந்தமான் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாராம், அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டாராம்.

தனியாகவே கப்பலில் திரும்பினேன். மூன்று நாளும் நான் நினைத்தது அந்த மனிதரின் முகத்தைத்தான். நான்தானே அவளை ஏற்றிக்கொண்டு போனவள்!

சதுரங்கப்பட்டினத்தில் பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மீன்காரம்மாவின் புருஷன் வாசலில் குந்தி, சாம்பலைப் போட்டு அலுமினியக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தானே பொங்கித் தின்கிறார் போலிருக்கிறது, அடி பிடித்திருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மகனுக்குக் கால் போனதையும், அவள் அங்கே மீன் விற்பதையும், வரமாட்டேன் என்று சொன்னதையும். அவர் நிமிரவில்லை. தேய்க்கிற கை மட்டும் நின்றது.

"எந்தக் காலு?"

"இடது."

மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். குண்டானைக் கழுவிக் கவிழ்த்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். இப்போது கத்துவார் என்று நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"அந்தக் கப்பலுக்கு டிக்கெட்டு எங்க தராங்க டீச்சரம்மா?"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பதறிப்போய், மூன்று நாளெல்லாம் எதற்கு, விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் மகனைப் பார்த்துவிடலாம், டிக்கெட்டை நாங்கள் எடுத்துத் தருகிறோம் என்று உளறினேன். நானா அப்படிச் சொன்னேன்!

"அய்யோ, அது வோணாம்மா" என்றார். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "மேல போறதுன்னா எனக்கு பயம். நடுவுல எதுனா ஆச்சுன்னா புள்ளையப் பாக்க முடியாதே. கப்பல்லயே போறேன். கவுந்தாலும் நீந்திப் போயிடுவேன்."