யாரையும் கேக்காத வீடு

எங்க வீட்ல இப்பவும் ஆறு மாசத்துக்கு அரிசி இருக்குது. துவரம்பருப்பு, புளி, மொளகா, ரெண்டு டின் எண்ணெய், மூணு கேஸ் சிலிண்டர். கேஸும் கெடைக்காத நாளுக்கு ஒரு தகர அடுப்பு, அதுக்கு விறகு. கரெண்டு போனா இன்வெர்ட்டர். மொட்டை மாடியில ரெண்டாயிரம் லிட்டர் தண்ணித் தொட்டி. பாக்கறவங்க எல்லாம், "இன்னாமே, கடை வெக்கப் போறியா?"ன்னு கேப்பாங்க. கேக்கறவங்க மேல வர்ற எரிச்சல விட, இதெல்லாம் வாங்கி அடுக்கினவ மேலதான் எனக்கு எரிச்சல். அடுக்கினவ நான்தான்.

எங்க ஊரு ஆந்திராவுல நகரி பக்கம், ஆத்துக்கு இந்தாண்ட. தரைப்பாலம் தாண்டினா டவுன். பாலம் தாண்டாம, இந்தப் பக்கமே ஏரிக்கரையைப் பிடிச்சிப் போனா கொஞ்ச தூரத்துல தமிழ்நாடு. வீட்ல நாலு பவர்லூம். நானும் வீட்டுக்காரருமா ஓட்டுவோம். தறிக்காரங்க வீட்ல எதையும் சேத்து வாங்கற பழக்கம் கிடையாது. சனிக்கிழமை கூலி வரும், ஞாயித்துக்கிழமை ஒரு வாரத்துக்கு அரிசி வரும். எங்க அம்மா வீட்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான்.

கொரோனா வந்து ஊரடச்சாங்க பாருங்க, அந்த வருஷம் நூல் லாரி நின்னு போச்சு, தறி நின்னு போச்சு, கடையும் மூடியாச்சு. ரேஷன் வர்றதுக்கு நாலு நாள் இருக்கும்போதே பானையில அரிசி தீந்து போச்சு. எதிர்வீடு விவசாயக் குடும்பம். சொந்தமா டிராக்டர் இருக்குது, நெல்லு எப்பவும் வீட்ல இருக்கும். அந்த வீட்டு அக்காகிட்ட போய்க் கேட்டேன். கேட்டதும் உள்ள கூப்பிட்டு, படியால அளந்து போட்டுது. எங்க பக்கம் அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. "லாபம், ரெண்டு, மூணு, நாலு"ன்னு சொல்லி, மேல ஒரு கை அள்ளியும் போட்டுது. கொறை சொல்ல ஒண்ணும் இல்ல.

மறுநாள் காலையில குழாயாண்ட ஏழெட்டுப் பொம்பளைங்க நின்னுக்கினு இருந்தோம். அந்தக்கா என்னைக் காட்டி, "நாலு தறி ஓடற வூடு, நாலு நாளைக்குத் துன்ன அரிசி இல்ல பாரு"ன்னு சொல்லி சிரிச்சுது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மத்தவங்க சிரிச்சதக் கூட நான் மறந்துடுவேன், நான் சிரிச்சதை மறக்க முடியல. கூட சேந்து இளிச்சிட்டு, வீட்டுக்கு வந்து குடத்தை எறக்கி வெச்சப்போ எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது.

கடை தொறந்த அன்னைக்கே அஞ்சு படியா அளந்து திருப்பிக் குடுத்தேன். அதோட அந்த வீட்டு வாசல்ல கால் வைக்கறத நிறுத்தினேன். இனிமே எந்த வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது, என்ன வந்தாலும் இந்த நாலு சுவருக்குள்ள சமாளிக்கணும்னு ஒரு வெறி. மூட்டை மூட்டையா வாங்க ஆரமிச்சேன். வீட்டுக்காரர் மொதல்ல சிரிச்சார், அப்புறம் சண்ட போட்டார், அப்புறம் அவரே தூக்கிக்கினு வந்தார். அவர் சுபாவம் அப்படி. நான் கத்தினா அவர் அடங்கிடுவார். அது நல்லதுன்னு ரொம்ப நாள் நெனச்சிக்கினு இருந்தேன்.

மூணு வருஷம் இப்படி அடுக்கினதுல, ஒரு கோடையில அரிசி வைக்க இடம் இல்லாம போச்சு. முன்ன கைத்தறி இருந்த காலத்துக் குழி ஒண்ணு நடு ரூம்ல பலகை போட்டு மூடிக் கிடந்துது. நெசவு பண்றவங்க கால் வெச்சி மிதிக்கற குழி, தொடை ஆழம் இருக்கும். அதுல தார்ப்பாய் விரிச்சி ஆறு மூட்டைய எறக்கினோம். எலி வராது, பல்லி விழாதுன்னு ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். மழைக்காலம் வந்தா தறிக்குழியில தண்ணி ஊறும், அதுக்காகவே அந்த மாசம் நெசவு நிக்கும். தறிக்காரன் வீட்ல பொறந்த எந்தக் கழுதைக்கும் இது தெரியும். எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். பவர்லூம் வந்து இருவது வருஷத்துல காலுக்கு இருந்த புத்தி போயிடுச்சு.

என் ஒரே பொண்ணைத் திருப்பதியில குடுத்திருக்குது. மாப்பிள்ளைக்கு அங்க ஒரு லாட்ஜ்ல வேலை. ரெண்டு ரூம் போர்ஷன், தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். ஆனா பிரசவ ஆசுபத்திரி பத்து நிமிஷ நடை. குழியில அரிசி எறக்கின அந்த வருஷந்தான் அவ மாசமா இருந்தா. சீமந்தம் முடிஞ்சதும் தலைப்பிரசவம் தாய் வீட்லதான்னு நான் கூப்பிடப் போனேன். மாப்பிள்ள நல்ல பையன், சத்தமா பேச மாட்டார். "அத்தே, மழைக்காலம் வருது. இங்கயே இருந்தா ஆசுபத்திரி பக்கம். நீங்க வந்து இருங்களேன்"ன்னார்.

நான் விட்டேனா? "மழை வந்தா உங்க வீட்ல இன்னா கீது? குழாயில தண்ணி கூட இல்ல. எங்க வீட்ல ஒரு வருஷம் கதவ சாத்திக்கினு இருந்தாலும் ஒண்ணும் கொறையாது"ன்னேன். என் பொண்ணு என்னையும் பாத்தா, அவரையும் பாத்தா. அப்புறம் பையை எடுத்துக்கினு என் பின்னாடி வந்துட்டா. என்கிட்ட வாதாடி ஜெயிக்க முடியாதுன்னு அவளுக்கு சின்ன வயசுலேர்ந்து தெரியும்.

கார்த்திகையில புயல் மழை புடிச்சிக்கிச்சு. ரெண்டாம் நாளே தரைப்பாலம் மேல தண்ணி. கரெண்டு போச்சு, செல்போன் டவரும் போச்சு. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இருவது நாள் இருந்ததால நான் கவலப்படல. உண்மையச் சொன்னா, உள்ளுக்குள்ள எனக்கு ஒரு கெத்து. தெருவெல்லாம் இருட்டா இருக்குது, எங்க வீட்ல ஃபேன் சுத்துது, சூடா சோறு.

மூணாம் நாள் விடியக்காலையில நடு ரூம்ல கால் வெச்சேன், ஜில்லுன்னு இருந்துது. பலகையைத் தூக்கிப் பாத்தா குழியில தண்ணி, அடி மூட்டை ரெண்டும் ஊறிப் போச்சு. வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் கீழ எறங்கித் தூக்க, நான் மேல நின்னு இழுக்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கினே இழுத்தோம். நாலாவது மூட்டை வரும்போது பொண்ணு வந்து கதவாண்ட நின்னா.

"மா, துணியெல்லாம் நனஞ்சி போச்சு. தண்ணி மாதிரி வந்துக்கினே கீது."

"இரும்மா, இந்த ஒரு மூட்ட, தோ வந்துட்டேன்"ன்னேன். இழுத்து முடிச்சிட்டுத்தான் திரும்பினேன். அப்பதான் அவ முகத்தைப் பாத்தேன், பனிக்குடம் ஒடஞ்சிருக்குதுன்னு புரிஞ்சுது. சுவத்துக் கடியாரத்துல மணி ஆறு.

அதுக்கப்புறம் நான் பண்ணினத நெனச்சா என் கன்னத்துல நானே போட்டுக்கத் தோணுது. வெந்நீர் வெச்சேன். பழைய நூல்புடவைங்கள விரிச்சேன். சுக்குக் காப்பி போட்டேன். இடுப்புல வெளக்கெண்ணெய் தடவினேன். எது வேணும்னாலும் கை நீட்டினா வீட்ல இருந்துது. இருந்ததால அடுத்தத எடுக்கறேன், அதுக்கடுத்தத எடுக்கறேன்னு ஓடிக்கினே இருந்தேன். பிரசவம் பாக்கத் தெரிஞ்சவங்க மட்டும் வீட்ல இல்ல.

"மே, எதிர்வூட்ல டிராக்டர் கீது. ஏரிக்கரை மேல போனா ரோடு புடிச்சிடலாம். கேட்டுப் பாக்கட்டா?"ன்னார் வீட்டுக்காரர்.

"வேணாம். மழை விடட்டும், பாலத்துல தண்ணி எறங்கிடும்."

அரை மணி கழிச்சி மறுபடியும் கேட்டார். மறுபடியும் வேணாம்னேன். மூணாவது தடவை ஒண்ணும் கேக்காம கொடைய எடுத்தார். நான் ஓடிப்போய்ப் புடுங்கினேன். "நான் செத்தாலும் அவ வாசப்படிய மிதிக்கக் கூடாது. திரும்பக் குழாயாண்ட நின்னு சிரிக்கறதுக்கா?"ன்னு கத்தினேன். அந்த ஒரு தடவையாவது அந்த மனுஷன் என்னைத் தள்ளிட்டுப் போயிருக்கலாம். போகல. கொடையில்லாத கைய வெச்சிக்கினு பின்கட்டுக்குப் போய் நின்னுட்டார்.

பொண்ணு படுத்துக்கினே இதெல்லாம் கேட்டுக்கினு இருந்திருக்கா. நான் அடுப்பாண்ட திரும்பின நேரம் பாத்து எழுந்து, சுவத்தைப் பிடிச்சி, வாசல் தாண்டி, மழையில தெருவக் கடந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிட்டா. வயித்தை ஒரு கையால தாங்கிக்கினு அவ தெருவுல நடந்ததை நான் ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். அப்போ மணி ஒன்பது.

அந்தக்கா ஒரு வார்த்தை கேக்கல. "அய்யோ கண்ணு"ன்னு அவள அணைச்சிப் புடிச்சிக்கினு உள்ள பாத்து ஒரு சத்தம் போட்டுது. அவங்க வீட்டுக்காரர் துண்டு கூடக் கட்டாம வந்து டிராக்டர எடுத்தார். வேர்க்கடலை மேல மூடியிருந்த தார்ப்பாய உருவி டிரெய்லர் மேல கட்டினாங்க, அவங்க கட்டில் மெத்தையே கீழ போட்டாங்க. வேர்க்கடலை நனைஞ்சிக்கினு கிடந்துது, திரும்பிக் கூடப் பாக்கல. நான் தலை குனிஞ்சிக்கினு ஏறினேன். "எத்தினி நாழியா வலிமே?"ன்னு கேட்டுது. "இப்பதான்க்கா"ன்னேன்.

ஏரிக்கரை சேறு. ரெண்டு எடத்துல சக்கரம் புதைஞ்சி, அவங்க வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் எறங்கிக் கல்லு போட்டாங்க. அந்தக்கா என் பொண்ணு தலைய மடியில வெச்சிக்கினு பேச்சுக் குடுத்துக்கினே வந்துது. பொண்ணு அவங்க கையைத்தான் புடிச்சிக்கினு இருந்தா, என் கையை இல்ல. திருத்தணி ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினொண்ணு தாண்டிடுச்சு. ஆந்திரா கார்டுதானேன்னு யாரும் கேக்கல, ஒடனே உள்ள கூட்டிக்கினு போனாங்க.

வெளிய பெஞ்சில நானும் அந்தக்காவும் ஒக்காந்திருந்தோம். ரெண்டு பேர் புடவையிலயும் சேறு. எனக்கு மனசு தாங்கல. "அக்கா, அன்னைக்கு குழாயாண்ட நீ அப்படி சொன்னியே, அதுக்கப்புறம்தான் நான் உன் வூட்டுக்கு வரல"ன்னேன்.

"எந்தக் குழாயாண்ட? நான் இன்னா சொன்னேன்?"

சொன்னேன். நாலு தறி, நாலு நாள், எல்லாத்தையும் சொன்னேன். அந்தக்கா நெத்தியைச் சுருக்கி யோசிச்சுது. "அப்படியா சொன்னேன்? எனக்கு நெனப்பே இல்லமே. அப்போ எங்க வூட்ல பருப்பு இல்ல, உன்னாண்டதான் கேக்கலாம்னு இருந்தேன். நீதான் அப்புறம் மொகமே குடுக்கல"ன்னு சொல்லி என் கையை எடுத்து வெச்சிக்கிச்சு. எனக்கு வந்த கோவம் யார் மேலன்னே தெரியல. இத்தினி வருஷமா மூட்டை மூட்டையா நான் அடுக்கினதுக்குக் காரணமான பேச்சு, பேசினவங்களுக்கே நெனப்பில்ல.

பெண் குழந்த பொறந்துது. மூச்சு விடக் கஷ்டப்படுதுன்னு கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்க. பதினோரு நாள் அதுல இருந்துது. இப்போ வீடு பூரா ஓடி என் கண்ணாடிய ஒளிச்சி வைக்குது, அதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைக்கு அது பொழைக்குமா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா கையில சீட்டோட வெளிய வந்தாங்க. "தண்ணிக்குடம் எத்தனை மணிக்கு ஒடஞ்சுது? சரியா சொல்லுங்கம்மா. எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்துத்தான் குழந்தைக்கு மருந்து குடுக்கணும்"ன்னாங்க.

குழந்தை உசிரு அந்தப் பதில்ல இருக்குதுன்னு எனக்குப் புரிஞ்சுது. அந்தக்கா என் பக்கத்துல நின்னுக்கினு இருந்துது, என் கை அதோட கையில இருந்துது. நான், "ஒன்பது மணி"ன்னேன். டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்க.

அப்போ பொண்ணை வார்டுக்கு மாத்தறதுக்காக ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கினு வந்தாங்க. கண்ணு மூடித்தான் இருந்துது. கண்ணத் தொறக்காமலே, "ஆறு மணி டாக்டர். எங்கம்மாவுக்கு யாரையும் கேக்கப் புடிக்காது"ன்னா.

டாக்டரம்மா என்னை ஒரு பார்வ பாத்துட்டு ஒன்பதை அடிச்சி ஆறுன்னு எழுதிக்கினு உள்ள ஓடினாங்க. அந்தக்கா என் பக்கம் திரும்புச்சு. கையை எடுத்துக்கிச்சு.

"மூணு மணி நேரமாமே? நான் எதிர்லதானே இருந்தேன்?"ன்னுது. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.