நாலு பேருக்குப் பதினைந்து லிட்டர்

எங்கள் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளி முதல் டெலிவரி வண்டி ஓட்டுபவர் வரை எல்லாருக்கும் அவர் லிட்டர். என்னைப் போல வயதில் சின்னவர்களுக்கு லிட்டர் அண்ணன். வாட்டர் ஹீட்டர் பகுதியில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறார். அவர் விற்பார், நான் போய்ச் சுவரில் மாட்டுவேன். பிளம்பர் வேலை என்னுடையது, பெருமை முழுக்க அவருடையது.

பெருமைப்பட அவருக்குக் காரணமும் இருந்தது. யாராவது வந்து, "இருபத்தஞ்சு லிட்டர் ஒண்ணு குடுங்க" என்றால் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து ஆரம்பித்துவிடுவார். வீட்டில் எத்தனை பேர்? காலையில் அடுத்தடுத்துக் குளிப்பவர்கள் எத்தனை பேர்? பக்கெட்டா, ஷவரா? யார் முதலில், யார் கடைசியில்? தொட்டியில் சுடுதண்ணீர் தீர்ந்தால் மறுபடி சூடாக இருபது நிமிஷம் ஆகும், அந்த இருபது நிமிஷம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயமே என்பார்.

"போலீஸ்கூட இவ்வளவு விசாரிக்காதுண்ணே" என்று கிண்டல் செய்வேன்.

"சின்னதா வாங்கிட்டுப் போயி நடுங்குறவன் உன்னைத் திட்ட மாட்டான்டா, என்னைத்தான் திட்டுவான்" என்பார். அப்படித் திட்டிக்கொண்டு இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லும்போது சட்டைக் காலரை லேசாகத் தூக்கி விட்டுக்கொள்வார்.

வியாழக்கிழமைதோறும் அவர் எங்கள் கிளைக் கடைக்குப் போய்விடுவார். போன மாதம் ஒரு வியாழன், வண்டி பழுதாகிப் போக முடியவில்லை. நானும் அவரும் பின்னால் ஸ்டாக் அறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. முன்னால் புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண் மட்டும் நின்றாள்.

"ஏம்மா, பக்கெட்ல போட்டுத் தண்ணி சுட வைக்கிற ராடு இருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது.

லிட்டர் அண்ணனின் கை அப்படியே நின்றுவிட்டது. வந்திருந்தது அவர் மனைவி. எங்கள் கடைக்கு ரெண்டு கட்டிடம் தள்ளி ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே வந்துவிட்டு, வீட்டுக்காரர் இல்லாத நாள் என்று நினைத்து உள்ளே நுழைந்திருக்கிறார். புதுப் பெண்ணுக்கு அவரைத் தெரியாது.

ராடு கேட்டு வந்தால் உடனே கொடுக்கக் கூடாது என்பது லிட்டர் அண்ணன் சொல்லிக் கொடுத்த பாடம். ராடு தேடுகிறார்கள் என்றால் வீட்டில் இருக்கும் ஹீட்டர் போதவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண் சமர்த்து, பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள்.

"வீட்ல ஹீட்டர் இல்லியாக்கா?"

"இருக்கே, பதினஞ்சு லிட்டர்."

"எத்தனை பேர் குளிப்பீங்க?"

"நாலு பேரு. வீட்டுக்காரர், மாமனார், பையனுங்க ரெண்டு பேரு."

"அப்ப நீங்க?"

"நான் எல்லாருக்கும் முன்னாடியே பச்சத்தண்ணில ஊத்திக்குவேன். நான் பைப்பைத் திறந்தேன்னா, பின்னாடியே வர்ற மாமனாருக்கு ஆறிப்போயிடும். அவருக்கு லேட்டானா வரிசையா எல்லாருக்கும் லேட்டு." அண்ணி சிரித்தபடிதான் சொன்னார். "இப்ப விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கெடக்கு. பச்சத்தண்ணில கையே வைக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். அதான் எனக்குன்னு ஒரு ராடு."

"பாத்தீங்களா! எங்க அண்ணன் ஒருத்தர் சொல்லிக் குடுத்திருக்காருக்கா. பொம்பளைங்க வந்து ஆள் கணக்கு சொன்னா ஒண்ணு கூட்டிக்கணுமாம். தன்னைச் சேத்துக்கவே மாட்டாங்களாம்."

"யாரு, லிட்டர்னு கூப்பிடுவாங்களே, அவரா?"

"ஆமாக்கா. தெரியுமா அவரை?"

"பாத்திருக்கேன்" என்றார் அண்ணி.

லிட்டர் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நான் மெதுவாக, "போய்ப் பேசுங்கண்ணே" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடா போறது?" என்று உதடு மட்டும் அசைந்தது. ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, அண்ணி ராடோடு கிளம்பி, கடையின் கண்ணாடிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும் வரை மூச்சுக் காட்டாமல் இருந்தார். கட்டின மனைவிக்குப் பயந்து அட்டைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனுஷனைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அவரை மட்டும் சொல்லி என்ன? பதினோரு வருஷம் முன்னால் அந்த ஹீட்டரை மாட்டியவன் நான்தான். பையன்கள் சின்னப் பிள்ளைகள், பதினைந்து போதும் என்று கடையில் இருந்தபடியே எடுத்து என் தோளில் ஏற்றி அனுப்பினார். வீட்டுக்குப் போனால் அண்ணி பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அஞ்சு பேருக்குப் பத்துமா தம்பி?" என்று கேட்டார். "அண்ணன் பாத்து எடுத்தது அண்ணி, தப்பாகுமா?" என்று நான்தான் வாயை அடைத்தேன். அதற்கப்புறம் அண்ணி யாரிடமும் கேட்கவில்லை போல. அன்றைக்கு ஸ்டாக் அறையில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் லிட்டர் அண்ணன் ஐம்பது லிட்டர் பெட்டி ஒன்றை இழுத்து வெளியே வைத்தார்.

"அண்ணே, உங்க பாத்ரூம் சுவரு ஒத்தச் செங்கல். நான் ஓட்டை போட்டவன், எனக்குத் தெரியும். தண்ணியே அம்பது கிலோ, அதோட தொட்டி வேற. பேத்துக்கிட்டு வந்துடும்."

"பெருசாவே இருக்கட்டும்டா."

"அஞ்சு பேருக்கு முப்பத்தஞ்சு போதும்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் எடுத்த அளவை நான் மாற்றினேன். ஐம்பதை அவரே உள்ளே தள்ளிவிட்டு முப்பத்தைந்தை எடுத்து வந்தார். அவர் அப்படி அடங்கிப் போனதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனோம். அண்ணி கதவைத் திறந்தார். எங்களையும் பெட்டியையும் பார்த்தார். கடையில் நடந்ததை நாங்கள் கேட்டுவிட்டோம் என்று அந்த நொடியே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் பாத்ரூமில் இருந்த பக்கெட்டுகளை நகர்த்தி எனக்கு இடம் செய்து கொடுத்தார். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். கணுவுக்குக் கணு தடித்து, பக்கெட்டின் பிடிக்குள் சரியாக மடங்கவில்லை. லிட்டர் அண்ணனும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

நான் பழைய தொட்டியைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் பாத்ரூம் வாசலில் நின்றபடி அண்ணியிடம் கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணியின் குரலில் கோபம் இல்லை. கோபமாவது பட்டிருக்கலாம்.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் அவங்களா சொல்றாங்களா? நீங்கதானே கேக்கறீங்க."

லிட்டர் அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்து வந்து அண்ணி முன்னால் போட்டார். நான் ஸ்பானரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வாடிக்கையாளரிடம் பேசுவது போல, பழக்கமில்லாத மரியாதையோடு அவர் குரல் வந்தது.

"காலைல எத்தனை மணிக்குக் குளிப்ப நீ?"

"நாலரைக்கு" என்றார் அண்ணி.

அவர் தலையசைத்தார். அடுத்ததாக ஏதோ கேட்கப் போனவர், சட்டைக் காலரை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துளை போடுவதற்கு இன்னும் வேளை வரவில்லை. ஆனாலும் நான் டிரில்லிங் மெஷினை எடுத்து ஓட விட்டேன்.