கயிற்றுக்குள் ஒரு பழைய இழை

கிளினிக் ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் தோல் மருத்துவர். தோல் அலர்ஜி, தோல் தொற்றுகள் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதுகிறேன். சிமெண்ட் குழைத்துக் குழைத்து வெடித்துப்போன கைகள், கல்யாணத்துக்கு முதல் நாள் தலைக்கு டை அடித்துவிட்டு முகம் வீங்கி வந்த மாப்பிள்ளை, ஸ்டிக்கர் பொட்டின் பசையால் வெளுத்துப்போன நெற்றிகள் என்று இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். நன்றாகவே எழுதியிருக்கிறேன். தன்னடக்கம் எனக்கு அவ்வளவாக வராது. ஒவ்வொரு கட்டுரை வெளிவரும்போதும் என் கணவர் கேட்பது ஒன்றுதான்: “சொறி சிரங்கப் பத்தி இம்புட்டு எழுதுதியே, இத யாரு படிப்பா?”

எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை படர்தாமரை பற்றியது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு அம்மாவையும் மகனையும் சொல்ல வேண்டும்.

மகன் ராணுவத்தில் சேர ஓடிக்கொண்டிருந்தவன். ஓட்டத்தில், எழுத்துத் தேர்வில் எல்லாம் தேறி, மருத்துவப் பரிசோதனையில் இடுப்பைச் சுற்றியிருந்த படர்தாமரையால் திரும்பி வந்திருந்தான். அடுத்த முறை விட்டால் வயது தாண்டிவிடும். அவனுடைய அப்பா ராணுவத்தில் இருக்கும்போதே இறந்தவர். அந்த வீட்டில் வேறு வேலையைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. கூட வந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “எம்புட்டு நாளானாலும் பரவாயில்ல டாக்டரம்மா, இந்தத் தடவ அவிய இவன வேண்டாம்னு சொல்லிரக் கூடாது” என்றார். என் வயதுதான் இருக்கும். அதனால் அக்கா என்றே கூப்பிட்டேன்.

மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு ஸ்டீராய்டு கலந்த களிம்பை அவன் மாதக்கணக்கில் பூசியிருந்தான். அரிப்பை அடக்கிவிட்டு உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடும் சாமான் அது. எனக்கு வந்த கோபத்தில் ட்யூபை வாங்கிக் குப்பையில் போட்டேன். சரியான மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்தேன். பிறகு அவன் இடுப்பில் இருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றைப் பார்த்தேன். வேர்வையில் ஊறி விறைத்துப்போயிருந்தது. பூஞ்சை அதில் சொகுசாகக் குடியிருக்கும்.

கழற்று என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தில் இடுப்பு ஒரு நொடிகூட வெறுமனே இருக்கக் கூடாது. புதுக்கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். கட்டாமல் அறுப்பது செத்தவனுக்கு மட்டும். கழற்றச் சொல்லும் டாக்டரிடம் நோயாளி மறுபடி வரமாட்டான். அதனால், “கயித்த மாத்திருங்கக்கா” என்றுதான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

சில வாரங்களில் தோல் சுத்தமானது. மருந்தை நிறுத்திய கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே வளையம். மறுபடி மருந்து, மறுபடி சுத்தம், மறுபடி வளையம். துண்டு, ஜட்டி, போர்வை எல்லாவற்றையும் விசாரித்தேன். எல்லாம் தனித்தனி, எல்லாம் வெயிலில் காய்வது. கயிற்றை மாற்றினீர்களா என்று கேட்டபோதெல்லாம் மாற்றியாச்சு என்றார் அந்த அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. கயிறு புத்தம் புதிதாகத்தான் இருந்தது. பரிசோதனைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பையன் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். ஒரு பூஞ்சை என்னை இப்படி ஏய்ப்பதா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த முறை வந்தபோது லென்ஸை எடுத்துக்கொண்டு கயிற்றையே பார்த்தேன். புதுக் கறுப்புக்கு நடுவே, சாயம் போன ஒரு பழுப்பு இழை கூடவே முறுக்கிக்கொண்டு ஓடியது.

“இது என்னக்கா?”

“அதுவா? அது திருவண்ணாமலைல கட்டுனது” என்றார், எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போல. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மலைமேல் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலை. கைக்குழந்தையில் பையனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. பிழைத்தால் உன் பிள்ளை என்று வேண்டிக்கொண்டு அங்கே கட்டிய கயிறு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழையதிலிருந்து ஓர் இழையை உருவிப் புதியதில் சேர்த்து முறுக்கிவிடுவாராம். “இல்லாட்டி சாமி விட்டுப் போயிரும்லா?”

சாமி மட்டுமா தங்கியிருந்தது! பூஞ்சையும் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்குக் கயிறு தாவியிருக்கிறது. ஆனால் நிரூபிக்காமல் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. அனுமதி கேட்டேன். அந்த இழையில் ஒரு துணுக்கை மட்டும் அவரே வெட்டித் தந்தார். அதைப் பூஞ்சை வளர்க்கும் தட்டில் வைத்தேன். காத்திருந்த நாட்களுக்குப் பலன் இருந்தது. வெள்ளைப் பஞ்சாகப் பூத்து நின்றது. பையனின் தோலில் சுரண்டி வைத்ததிலும் அதே பூஞ்சைதான்.

அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு தட்டுகளையும் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. “அப்போ அத அறுத்துப் போடச் சொல்லுதீயளா?”

“அக்கா, பங்குனில மாரியம்மன் கோவில்ல பூக்குழி எறங்குவீங்கதானே?”

“வருசம் தவறாம.”

“நெருப்புல எறங்குனா சாமி ஓடிருதா?”

“அது எப்பிடி ஓடும்!”

“அப்ப கொதிக்கிற தண்ணிக்கு மட்டும் ஓடிருமா? அந்த இழையப் பிரிச்செடுத்து நல்லா கொதிக்க விட்டு, வெயில்ல காயவச்சுப் புதுக்கயித்துல முறுக்குங்க. நான் வேண்டாங்கல.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு கொதி விட்டிருப்பேன்ல!” பையனும் சிரித்தான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வளையம் வரவில்லை. மருத்துவப் பரிசோதனையில் பையன் தேறினான். அம்மா பால்கோவாவோடு வந்து கிளினிக்கில் காத்திருந்த எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் எனக்கும் கொஞ்சம் வைத்தார்.

கட்டுரையை மருத்துவ இதழுக்கு அனுப்பியபோது அங்கே அதைப் பரிசீலித்தவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: கயிற்றை அகற்றச் சொல்வதுதானே எளிது, கொதிக்க வைப்பது எதற்கு? வந்த கோபத்துக்கு முதலில் எழுதிய பதிலை அனுப்பவில்லை. இரண்டாவதாக எழுதியது மரியாதையானது. அகற்றச் சொன்னால் நோயாளி அகன்றுவிடுவார், நோய் தங்கிவிடும் என்று எழுதினேன். ஒரு சொல்லும் மாறாமல் கட்டுரை வெளிவந்தது.

போன மாதம் அந்த அம்மா தனியாக வந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. “எம்புள்ள படம் ஏதோ டாக்டர் புத்தகத்துல வந்துருக்காம்லா. அவந்தான் போன்ல சொன்னான். செத்த காட்டுங்க.”

பையனிடம் கையெழுத்து வாங்கித்தான் படத்தைச் சேர்த்திருந்தேன். கணினியில் திறந்து காட்டினேன். முகம் கிடையாது, பெயர் கிடையாது. ஒரு இடுப்பு, அதில் சிவந்த வளையம், குறுக்கே ஒரு கயிறு, அவ்வளவுதான். யாருடைய இடுப்பாகவும் இருக்கலாம். ஏமாந்துபோவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். கறுப்புக்கு நடுவே ஓடும் பழுப்பு இழைமேல் விரலை வைத்தார்.

“இந்தா இருக்கு” என்றார். “பனிக்குள்ள காவலுக்கு நிக்கானாம். இது அவன் இடுப்புலதான் கெடக்கு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க பிரிண்டரைத் தட்டுவது போல் திரும்பிக்கொண்டேன்.

“ஒரு காப்பி எடுத்துத் தாங்க டாக்டரம்மா. பெருமாள் படத்துக்குப் பக்கத்துல வைக்கேன்.”

“அக்கா, இது படர்தாமரைப் படம்.”

“இருக்கட்டும். கலர்லயே எடுங்க.”

கலரிலேயே எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு பிரதியை எடுத்துவந்து வீட்டில் என் கணவரின் மேஜைமேல் வைத்திருக்கிறேன். யார் படிப்பார் என்று அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.