இடது தோளா, வலது தோளா

என் வீட்டுக்காரர் ஜேசுராஜுக்கு எதையும் சட்டென்று முடிவு செய்யத் தெரியாது. ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டை வேதாகமம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார். கடைசியில் இட்லி சொல்வார். இந்த மனிதரை ரயில்வே ஆபீசில் ரிட்டயர் ஆகிறவரைக்கும் எப்படித்தான் வைத்திருந்தார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம்!

ஆனால் கையில் கேமரா ஏறிவிட்டால் ஆளே வேறு. எங்கள் மல்காஜ்கிரி தமிழ்ச் சபையில் யார் வீட்டு ஞானஸ்நானம், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். "நாடியைத் தூக்குங்கய்யா" என்று பாஸ்டரையே அதட்டுவார். இத்தனை வருஷம் கேமராவைக் கழுத்தில் தொங்கப்போட்டுத் திரிந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்துபோயிற்று. இனிமேல் கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது என்று டாக்டர் அனுபமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஒரே மகள் ஸ்டெஃபியின் கல்யாணம் நெருங்குகிற நேரத்தில்தானா இது வர வேண்டும்?

"மாப்பிள்ளை வீட்ல குகட்பள்ளியிலருந்து போட்டோக்காரங்களை ஏற்பாடு பண்ணிட்டாவளே. நீங்க பொண்ணுக்கு அப்பாவா லெட்சணமா இருங்க" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சவுந்தரி. கெளம்பு, கோட்டி பஜாருக்குப் போவோம். தோள்ல போடுத பெல்ட் ஒண்ணு வாங்கணும்."

கோட்டியில் ஒரு கேமரா கடை. கடைக்காரர் இர்பான் நல்ல பொறுமைசாலி. கேமராவுக்கு இத்தனை விதமான பெல்ட்டா என்று எனக்குத் தலை சுற்றியது. ஒன்று ஒரு தோளில் தொங்குவது, ஒன்று பூணூல் மாதிரிக் குறுக்கே போடுவது, இன்னொன்று முதுகையே சுற்றிக் கட்டுவது. அகலமானது வியர்க்கும் என்றார் இவர். ஒல்லியானது அறுக்கும் என்றார். வழுவழுப்பானது நழுவும், சொரசொரப்பானது சட்டையைப் பிடிக்கும். சரி, இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். அதற்கப்புறம் நடந்ததுதான் விளங்கவில்லை.

ஒரு பெல்ட்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "என் கையைக் கோத்துக்கோ. மெதுவா நட."

"கடைக்குள்ளயா?"

"நடங்கேன்ல!"

நடந்தோம். கடைக் கோடிவரை போய்த் திரும்பினோம். அடுத்த பெல்ட்டுக்கும் நடை. இடது தோளில் போட்டு நடந்தார், வலது தோளில் போட்டு நடந்தார். என்னை இந்தப் பக்கம் நிறுத்தினார், அந்தப் பக்கம் நிறுத்தினார். நடு வழியில் சட்டென்று கேமராவைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். கடையில் இருந்தவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இர்பானுக்கே தாங்கவில்லை. "கைக்கு பரேஷான் ஹோரே அங்கிள்? ஏன் இப்படித் திண்டாடுறீங்க? ஷூட்டிங்குக்கு இது ஒண்ணு போதும்" என்றார், பாதி உருதுவும் பாதி தமிழுமாக.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்கு இந்தக் கூத்து? இப்பச் சொல்லப் போறீங்களா, இல்ல நான் பஸ் ஏறட்டுமா?"

இவர் குரலைத் தாழ்த்தினார். "கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் ஸ்டெஃபி என் கையைப் புடிச்சிட்டு வருவால்லா? அப்ப அவ முகம் என் பக்கத்துலதான் இருக்கும். அந்த எடத்துலருந்து அதை வேற எவனாலயும் எடுக்க முடியாது. அந்த ஒரு படம் எனக்கு வேணும். அவளையும் விடாம கூட்டிட்டுப் போகணும், கேமராவும் ஒத்தக் கைக்கு வரணும். அதான் எந்தப் பக்கம்னு கொழப்பமா இருக்கு."

சிரிப்பதா, திட்டுவதா? கையைக் கோத்துக்கொண்டு மறுபடியும் நடந்தேன்.

கடைசியில் மகள் இடது பக்கம் என்று முடிவாயிற்று. பெல்ட் இடது தோளில் ஏறி, கேமரா வலது இடுப்பில் தொங்கும். மெத்துமெத்தென்ற பட்டை, நெஞ்சுக்கு மேலே ஒரு இரும்பு பக்கிள். தோளில் இருப்பதே தெரியவில்லை என்றார். வீட்டுக்கு வந்தும் ஹாலில் என்னை நடக்கவிட்டார். என் பருத்திச் சேலையில் எதுவும் மாட்டவில்லை, உரசவில்லை. பிரமாதம்!

கல்யாணத்தன்று புதுக் கோட்டுக்கு மேலே அந்தப் பெல்ட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏடிஎம் வாசல்ல நிக்குத செக்யூரிட்டி மாதிரி இருக்கீங்க" என்றேன். காதில் வாங்கவே இல்லை. வெள்ளைப் பட்டில், தலையில் நீள நெட் போட்டு, ஸ்டெஃபி வந்து அப்பாவின் இடது கையைப் பிடித்தாள். ஆர்கன் தொடங்கியது. சபை எழுந்து நின்றது. ஒரு அடி எடுத்து வைத்தார்கள்.

"டாடி, ருக்கோ ருக்கோ! நில்லுங்க!" என்று கத்தினாள்.

நெட் பக்கிளுக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. நெட்டில் குத்தியிருந்த ஊசியெல்லாம் முடியோடு சேர்ந்து இழுக்க, அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் நான் நெட் போட்டுக்கொண்டா நடந்தேன்! எல்லாவற்றையும் யோசித்த மனிதர் இதை யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. பின்னால் நின்ற நான் ஓடிப்போய் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பக்கிளைத் திறந்தால் நெட் வந்துவிடும். ஆனால் பெல்ட் கழன்றுவிடும், மறுபடி மாட்ட நேரமில்லை. ஆர்கன் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. இவர் கேமராவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். போச்சுடா, இனி பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும் இங்கேயே யோசித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன்.

டக்கென்று பக்கிளைத் திறந்தார். கேமராவையும் பெல்ட்டையும் அப்படியே என் கையில் திணித்தார். "ஒண்ணுமில்லம்மா, வா" என்று நடந்துவிட்டார்.

என் பட்டுச் சேலைத் தோளில் பெல்ட் நிற்காமல் வழுக்கியது. எந்தப் பொத்தானை அழுத்துவது, எதன் வழியாகப் பார்ப்பது, ஒன்றும் புரியவில்லை. எதையோ அழுத்தினேன். 'க்ளிக்' என்றது.

சாயங்காலம் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து எடுத்தது. இரண்டு பேருக்கும் தலை இல்லை. பெல்ட் அழுத்திய மடிப்போடு ஒரு கோட்டுத் தோள், அந்தக் கையை இறுக்கிப் பிடித்திருந்த ஸ்டெஃபியின் விரல்கள், அவ்வளவுதான்.

"நீங்க ஆசைப்பட்ட படம் போச்சேங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவ முகம் எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"வாசல்லருந்து பீடம் வரைக்கும் என் முகத்தையேதான் பாத்துக்கிட்டு வந்தா, கேட்டியா" என்றார். "கேமராவைத் தூக்கியிருந்தா அவ எதைப் பாத்திருப்பா?"

கேமராவை அவர் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் இடது கையை இன்னும் மடக்கியபடியேதான் உட்கார்ந்திருந்தார்.