அலமாரியில் தூங்கும் கார்டு

ஸ்டூடியோக்காரர் மூன்று வாரமாக நாயாய் அலைந்திருந்தார். இருபது வருடக் கல்யாணப் படங்களை மூன்று டிஸ்க்குகளில் பங்கு பிரித்து வைத்திருந்தது, மதர்போர்டிலேயே இருந்த ‘ரெய்டு’ என்னும் டிஸ்க் இணைப்பு வசதி. அந்த போர்டு புகைந்து போனதும், புது போர்டு டிஸ்க்குகளை முன்பின் பார்த்தே இராதது போல முழித்தது. பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, அதே ரக போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிய பிறகுதான் படங்கள் கண் திறந்தன.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்தான். படங்களை நகல் எடுத்துக்கொண்டே கேட்டார்.

“இனிமேயும் போர்டுலயேவா மாப்பிள்ளை, இல்ல ரெய்டுக்குன்னே தனி கார்டு போட்டுடலாமா?”

“கார்டு போட்டா?”

“போர்டு செத்தாலும் கார்டைக் கழட்டி வேற மெஷின்ல சொருகிக்கலாம்.”

“கார்டே செத்துட்டா?”

மச்சான் தலையைச் சொறிந்தார். “அதே மாதிரி கார்டு தேடணும்.”

“என் காலுக்கு இனி தெம்பில்ல மச்சான்.”

“அப்ப ஒரே மாதிரி ரெண்டு வாங்குவோம். ஒண்ணு வேலை பாக்கட்டும், ஒண்ணு அலமாரியில தூங்கட்டும்.”

ஸ்டூடியோக்காரர் தலையாட்டினார். மறுநாள் இரண்டாவது கார்டை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொடுத்து வெச்ச ஜென்மம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.