மூன்று மணிச் செய்தியைப் பிடிக்க ஒரு பெட்டி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளையும் ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகளையும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால், வெளியே வரும்போது எட்டாகிவிடும். செல்போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் கணவர் தச்சர், பிறவியிலேயே காது கேட்காதவர். அதனால் வீட்டில் பேச்செல்லாம் கையால்தான். ஒரே மகள், வாய் திறந்து பேசும் முன்பே கையால் பேசக் கற்றுக்கொண்டவள்.

அந்தக் கையே அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. தொலைக்காட்சியில் ஞாயிறு தவிர தினமும் மூன்று மணிச் செய்தி ஓடும்போது, திரையின் வலது மூலையில் நின்று சைகையில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். நிலையம் வேறு ஊரில் இருந்ததால் விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள்.

ஆனால் பெற்ற இரண்டு பேராலும் அதைப் பார்க்க முடியவில்லை. மூன்று மணிக்கு அக்கா நீராவிக்கு நடுவே நிற்பாள். தச்சர் பட்டறையில் மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அந்தச் செய்தியை நிலையம் இணையத்திலும் போடுவதில்லை. அக்கம்பக்கத்தில் யார் யாரோ பார்த்துவிட்டு, "உன் பொண்ணு டிவில வர்றாளே" என்று சொல்லச் சொல்ல அவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டிலேயே பதிவு செய்து வைக்க ஒரு பெட்டி வாங்குவது என்று முடிவு செய்தாள்.

கடைத்தெருவில் முதல் கடைக்காரர் கையகலப் பெட்டி ஒன்றை நீட்டினார். ஒரு பென்டிரைவைச் செருகி, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாம் பதிவாகும் என்றார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன், பதினொன்றரைக்கு அழுத்திவிட்டுப் போனாள். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இருவரும் ஆசையாக உட்கார்ந்தார்கள். சமையல் நிகழ்ச்சி, தொடர் நாடகம், சோப்பு விளம்பரம், மறுபடி நாடகம் என்று ஓட்டிக்கொண்டே போனால், இரண்டரை மணியோடு படம் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் அந்தப் பெட்டி தானாகவே தூங்கிவிடுமாம். மூன்றாம் நாள் போய்க் கேட்டபோதுதான் கடைக்காரர் இதைச் சொன்னார். நடுவில் ஒருமுறை வந்து ரிமோட்டை அழுத்திவிட்டுப் போகலாமே என்று யோசனையும் சொன்னார். வீட்டுக்கு வர முடிந்தால் நான் செய்தியையே பார்த்துவிடுவேனே என்றாள் அக்கா. அவருக்கு அது உறைக்கவில்லை.

இரண்டாவது, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் வாங்கிய பழைய ரெக்கார்டர். அதில் நேரம் குறித்து வைக்கலாம். மூன்று மணிக்கு அதுவே விழித்துக்கொண்டு, செய்தியை டிஸ்கில் பதிந்து வைத்திருந்தது. அக்கா கும்பிடாத குறைதான். ஆனால் படத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. செய்தி வாசிப்பவர் முழுசாக இருந்தார். மகளுக்கு முகத்தில் பாதியும் ஒரு கையும்தான் இருந்தன. தச்சர் எழுந்துபோய், ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தைச் சாய்த்துத் திரையின் ஓரத்தைப் பார்த்தார். ஒரு கையை வைத்து ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று திரும்பிக் காட்டினார். டிவியின் அமைப்புகளை எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். படம் நீண்டது, குட்டையானது, மகளின் இன்னொரு கை மட்டும் வரவில்லை. பதியும்போதே வெட்டுப்பட்டுவிட்டதாம். பழுதுபார்ப்பவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்.

இதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. சலவைக்கூடத்தில் யாராவது டிவி என்று வாயெடுத்தாலே அக்காவுக்கு எரிச்சல் வந்தது. ஒரு கோட்டின் காலரைக் கருக்கிவிட்டு, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக மேலாளரிடம் பேச்சு வாங்கினாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டரை மணிக்கே பெரிய கடை ஒன்றில் போய் நின்றாள். ஹார்டு டிஸ்க் உள்ளே வைத்த பெட்டி வேண்டும் என்றாள். விற்பனையாளர் அட்டையில் அச்சடித்திருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டத் தொடங்கினார்.

"தம்பி, அட்டையில இருக்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம்," என்றாள் அக்கா. "இப்ப மூணு மணி செய்தி வரும். அதைப் பதிஞ்சு, வலது மூலையில இருக்கிற பொண்ணுக்கு ரெண்டு கையும் தெரியுதான்னு காட்டுங்க. தெரிஞ்சா வாங்கிக்கிறேன்."

கடையில் அப்படியெல்லாம் பிரித்துக் காட்டும் வழக்கமில்லை என்றார் அவர். அப்படியானால் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசியில் அவரே அலுத்துப்போய், காட்சிக்கு வைத்திருந்த பெட்டியை இணைத்தார்.

மூன்று மணிக்குச் சுவரில் மாட்டியிருந்த டிவிகள் எல்லாவற்றிலும் மகள் வந்து நின்றாள். அக்கா பெட்டியின் சிவப்பு விளக்கு அணைகிறதா, படத்தின் ஓரம் குறைகிறதா என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செய்தி முடிந்த பிறகுதான், நேரில் ஓடியபோது மகளின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதிவைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டு கைகளும் முழுசாக இருந்தன.

"யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"என் பொண்ணுதான். பில்லைப் போடுங்க."

வீட்டில் தச்சர் அந்த வாரச் செய்திகளை ஒன்றுவிடாமல் பார்த்தார். செய்தியை நிறுத்தி, பின்னால் போய்ப் பார்க்க முடியும் என்பது அவருக்குப் புதுசு. அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், பக்கத்தில் இருந்த அக்காவுக்கு ஒரு செய்தியும் முழுசாக ஓடவில்லை. ஆனால் அவர் முகம் மலரவில்லை. எட்டு இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பையை இறக்கும் முன்பே டிவி முன்னால் உட்காரவைத்து, ஒவ்வொரு இடமாக நிறுத்திக் காட்டினார். கை ரொம்ப வேகம், ஒரு சொல் முடியும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது, இரண்டு இடத்தில் எனக்கே புரியவில்லை, காது கேட்காத மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று கையால் கேட்டார்.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசிக்கிறவர் யாருக்காகவும் நிற்க மாட்டார், அவரைத் துரத்திக்கொண்டுதான் ஓடவேண்டியிருக்கிறது என்று அவளும் படபடவென்று கையை வீசினாள். அவர் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. கைகள் மேலும் மேலும் வேகமாயின.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. இருவருக்கும் நடுவில் போய் நின்று, கையாலும் வாயாலும் ஒரே சமயத்தில் சொன்னாள். "உங்க ரெண்டு பேரும் சண்டை போடவா நான் கடை கடையா அலைஞ்சேன்? இன்னும் நான் இவளை ஒழுங்கா ஒரு தடவை பார்க்கலை. தள்ளுங்க, நான் பார்க்கணும்."

பதிவை முதலிலிருந்து போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓரிடத்தில் மகளே ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள். திரையில் இருந்த தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா சொல்றது சரிதாம்மா, இதுல எனக்கே புரியலை," என்றாள்.

அன்று சாயங்காலம்வரை அப்பாவும் மகளும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் தச்சர் குறித்துவைக்கும் இடங்கள் ஐந்தாகி, இரண்டாகி, ஒன்றுமில்லாமல் ஆயின. மூன்று மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரமானது.

அடுத்த வாரமே பெட்டியில் இடமில்லை, பழையதை அழிக்கவும் என்று திரையில் எழுத்து வந்தது. தப்பாகச் செய்த பழைய நாட்களை அழித்துவிடலாம் என்றார் தச்சர். அதெல்லாம் நடக்காது என்றாள் அக்கா. இன்னும் பெரிய டிஸ்க் வைத்த பெட்டி இருக்கிறதா என்று கேட்க, மறுநாள் காலையிலேயே கடைக்குக் கிளம்பினாள்.