பொழுதுபடமுன் சாப்பிடச் சொன்ன பவானி மிஸ்ஸி

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் தொலைபேசி அதிர்ந்தது. பேருந்துச் சாரதியான என் கணவர் காலை ஓட்டத்தின் நடுவே என்னை அழைப்பதே இல்லை. அன்று புளியங்குளத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழைத்திருந்தார்.

“இஞ்சேரும், பவானி மிஸ்ஸி போயிட்டாவாம். விடியத்தான் ஆஸ்பத்திரியில முடிஞ்சுதாம்.”

அவருக்குப் பின்னால் பயணிகளின் குரல்கள் கேட்டன. “ஆர், எங்கட கிளினிக் மிஸ்ஸியோ?” என்று ஒரு பெண் உரத்துக் கேட்டார். பிறகு அந்தப் பெண் அழும் சத்தம். நான் வகுப்பறைக்கு வெளியே வந்து மதில் ஓரமாக நின்றேன். மிஸ்ஸிக்கு வந்த வருத்தம் கடுமையென்று எல்லோருக்கும் தெரியும். புற்றுநோய் அவரை ஒரு மழைக்காலத்துக்குள் உருக்கிவிட்டிருந்தது. ஆனாலும் பவானி மிஸ்ஸி பேச்சை நிறுத்துவார் என்று நாங்கள் ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவரை அறிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். துக்கமாக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அவரை நினைத்தாலே கையை ஆட்டி ஆட்டி அவர் கதைப்பதுதான் முன்னால் வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் நீரிழிவு கிளினிக்கைப் பார்த்த தாதி அவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நெடுங்கேணிக் காட்டோரத்தில் காணி வெட்டிக் குடியேறிய குடும்பத்தின் மகள். எங்களோடு எங்களைப் போலவே கதைப்பார். உணர்ச்சிவசப்பட்டால் மட்டும் தாய்வீட்டுப் பேச்சு வந்துவிடும். யாருக்காவது இரத்தத்தில் சீனி இறங்கியிருந்தால் விறாந்தையில் நின்று கைதட்டுவார். வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து தட்டவேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டார்!

நான் அந்த வரிசைக்குப் போன காலத்தில் என் பெயருக்கு ஒருவரும் கைதட்டவில்லை. டொக்டர் தந்த குளிசையைப் போட்டேன், நடந்தேன், தேநீரில் சீனியை நிறுத்தினேன். இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. பாதங்கள் விறைத்து மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. ஒருநாள் அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ரீச்சர், என்ன சாப்பிடுறியள் எண்டு எல்லாரும் கேட்டிட்டினம். நான் வேற ஒண்டு கேக்கிறன். இரவில எப்ப சாப்பிடுறியள்?”

“இவர் வந்தாப்பிறகு.”

“அவர் எப்ப வாறவர்?”

“கடைசி பஸ் ஓடி முடிச்சு, வண்டியை விட்டிட்டு வர ஊர் அடங்கியிடும்.”

“சாப்பிட்ட கையோட படுக்கிறதோ?”

“பின்ன? விடிய எழும்பவேணுமே.”

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் மாறியது. ஏதோ புதையலைக் கண்டவர் மாதிரி, “அம்பிட்டுது!” என்றார். உடம்புக்கும் ஒரு நேரம் உண்டென்றும், பகலில் சோற்றை ஏற்றுக்கொள்கிற மாதிரி இரவில் அது ஏற்றுக்கொள்ளாது என்றும், நிரம்பிய வயிற்றோடு வருடக்கணக்காகப் படுத்தால் சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றிலும் அது காட்டக்கூடும் என்றும் மூச்சுவிடாமல் சொன்னார். பிறகு விரலை உயர்த்தினார். “ஆனா இது மந்திரமில்லை. சிலருக்கு வித்தியாசம் தெரியும், சிலருக்குத் தெரியாது. குளிசையை விடச்சொல்லி நான் சொல்லேல்லை. பொழுதுபடமுன் சாப்பிட்டுப் பாருங்கோ, அவ்வளவுதான்.”

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். செய்யவில்லை. அடுத்த கிளினிக்கில் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அன்று பின்னேரமே சைக்கிளில் வீட்டுக்கு வந்து நேரே குசினிக்குள் நுழைந்து அடுப்படியில் நின்றார்.

“நான் உங்களோட சாப்பிட வந்தனான்.”

கணவர் இல்லாமல் நான் ஏன் சாப்பிடுவதில்லை என்பதை அன்றுதான் முதன்முதலாக ஒருவருக்குச் சொன்னேன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் நாங்கள் தரப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம். இவர் உழவு இயந்திரத்தில் காயக்காரரை ஏற்றிப் போவார். திரும்பி வருவாரா என்று தெரியாது. அவருடைய பங்குக் கஞ்சியை மூடி வைத்துவிட்டு என் பங்கையும் தொடாமல் இருப்பேன். நான் குடித்துவிட்டால் அவர் வரமாட்டார் என்று என் மனம் எப்படியோ முடிவு கட்டிவிட்டது. யுத்தம் முடிந்தது, வீடு கட்டினோம், பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள். அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பவானி மிஸ்ஸி தானே எழுந்து இரண்டு தட்டுகளில் குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் போட்டார்.

“ரீச்சர், அண்டைக்கு நீங்கள் செய்தது சரி. ஆரெண்டாலும் அப்பிடித்தான் இருந்திருப்பினம். இண்டைக்கு அவர் பஸ்தான் ஓடுறார். நீங்கள் சாப்பிட்டாலும் வருவார். ஒருநாள் பாப்பம். நானும் பக்கத்தில இருக்கிறன்.”

முதல் வாய் இறங்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் தன் பாட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டாம் வாய் இறங்கியது. அன்றிரவு இவர் வழக்கம்போல் வந்து சேர்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் நான் சாப்பிட்டுவிட்டேன் என்று கேட்டதும் அவருடைய முகம் விழுந்துபோனது. “அப்ப இனி நான் தனியவோ?” என்றார். மறுநாள் இதைச் சொன்னபோது பவானி மிஸ்ஸி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “அவருக்கும் ஒருக்கா வகுப்பெடுக்கவேணும்.”

அவர் அதை எங்கே எடுத்தார் தெரியுமா? ஓடுகிற பேருந்துக்குள்! முல்லைத்தீவுக்குப் போகும் பின்னேர பஸ்ஸில், சாப்பாட்டுப் பெட்டியோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“அண்ணை, ஒட்டுசுட்டானில பஸ் கொஞ்சநேரம் நிக்குந்தானே. அங்க என்ன செய்வியள்?”

“தேத்தண்ணி குடிப்பன், மிஸ்ஸி. ரெண்டு வடையும்.”

“அந்த நேரத்தில சோத்தைச் சாப்பிடலாமே?”

“நான் வீட்ட போய் மனிசியோடதான் சாப்பிடுறனான். கலியாணம் கட்டின நாளிலயிருந்து அப்பிடித்தான்.”

“நல்ல பழக்கம். அதுக்காக அவ தன்ர காலைக் குடுக்கவேணுமோ?”

இவர் கண்ணாடியில் என்னைத் தேடினார். கால் விறைப்பைப் பற்றி நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பிறகு தொடங்கியது பாருங்கள், அப்படியொரு விவாதத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

“நாங்கள் வயலால வந்து குளிச்சிட்டுத்தானே சாப்பிடலாம்? அதுக்குள்ள இருட்டியிடுமே!” என்றார் ஒரு கமக்காரர்.

“இருட்டினாலும் பரவாயில்லை, படுக்கிறதுக்கு நல்லா முன்னுக்குச் சாப்பிடுங்கோ.”

“எங்கட வீட்டில ரீவி நாடகம் முடியாமல் ஒருத்தருக்கும் சோறு இறங்காது!” என்றாள் ஒரு பெண்பிள்ளை. பஸ்ஸே சிரித்தது. கொக்கிளாய்க்குப் போகிற ஒரு மீன் வியாபாரி தங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் எப்படியும் நேரத்தோடுதான் சாப்பிடுவார்கள் என்று பெருமையடித்தார். “அப்ப வீட்டில இருக்கிற பொம்பிளையள்?” என்று பவானி மிஸ்ஸி கேட்டதும் அவர் தன் வெறும் மீன் கூடையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

ஒட்டுசுட்டானில் வண்டி நின்றது. “தம்பி, நீ ஆறுதலாச் சாப்பிடு, நாங்கள் இருக்கிறம்,” என்று ஒரு வயதான அம்மா சொன்னார். இவர் இறங்கவில்லை. பின்னால் திரும்பி, “இஞ்ச வாரும்,” என்று என்னைக் கூப்பிட்டார். முன் ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே பெட்டியிலிருந்து சாப்பிட்டோம். பவானி மிஸ்ஸி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “ஒருத்தரும் பாக்கக்கூடாது, அங்கால திரும்புங்கோ!” என்று பயணிகளை அதட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கலியாணம் கட்டி அத்தனை வருடங்களில் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட முதல் இரவுச் சாப்பாடு அதுதான்.

அதற்குப் பிறகு இவர் பெட்டி கொண்டுபோகத் தொடங்கினார். ஒட்டுசுட்டானில் அதைத் திறக்கும்போது தொலைபேசியில் என்னை அழைப்பார். “நான் சாப்பிடப்போறன், நீரும் இரும்.” நானும் இருப்பேன். சில மாதங்களில் என் சீனி இறங்கியது. அது குளிசையாலா, நடையாலா, நேரத்தாலா என்று கேட்டேன். “மூண்டும் தங்களாலதான் எண்டு சொல்லட்டும், எங்களுக்கென்ன!” என்று சொல்லிவிட்டு விறாந்தையில் நின்று கைதட்டினார் பாருங்கள், நான் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் தடுமாறிய இடமும் உண்டு. இன்சுலின் ஊசி போடுகிற மாணிக்கம் ஐயாவை நீங்கள் அறிவீர்கள். மிஸ்ஸியின் பேச்சைக் கேட்ட உற்சாகத்தில் அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். விடிய வரம்பில் வியர்த்து விழுந்து கிடந்தார். பவானி மிஸ்ஸி சீனித் தண்ணீரோடு வயலுக்குள் ஓடியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். கண் திறந்த மனிதர், “நீங்கதானே மிஸ்ஸி ராத்திரி சாப்பிட வேணாம்னு சொன்னீங்க,” என்றார்.

“முன்னாடி சாப்பிடத்தாங்க சொன்னேன், சாப்பிடாம இருக்கச் சொல்லலைங்க!” என்று பவானி மிஸ்ஸி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றார். “பிழை என்ர கதையில. ஊசி போடுறவையள் டொக்டரைக் கேக்காமல் நேரத்தை மாத்தக்கூடாது. ஒருத்தரும் பட்டினி கிடக்கக்கூடாது.” அதோடு விடவில்லை. ஊசி போடுகிற ஒவ்வொருவரின் வீட்டுக்கும் சைக்கிளில் போய் அதையே சொன்னார். மாணிக்கம் ஐயா இப்போதும் நலமாக இருக்கிறார். செத்தவீட்டில் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று விம்மியவர் அவர்தான்.

அந்தச் செத்தவீட்டில் ஒருவர் என் காதுபடவே கேட்டார்: “நேரத்தோட சாப்பிட்டு என்ன கண்டா? அவதானே முந்திப் போனவ.” எனக்குக் கோபம் வரவில்லை. இதே கேள்விக்கு பவானி மிஸ்ஸி தன் படுக்கையிலிருந்தே பதில் சொல்லியிருந்தார். “ரீச்சர், எல்லா வருத்தத்தையும் நிப்பாட்டலாம் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. நிப்பாட்டக்கூடியதை நிப்பாட்டுவம் எண்டுதான் சொன்னனான்.” சொல்லிவிட்டு, மெலிந்த கையை அந்த நிலையிலும் ஆட்டினார்.

தகனம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. பக்கத்து வீட்டில் நாங்கள் பெண்கள் சேர்ந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆக்கி வைத்திருந்தோம். பவானி மிஸ்ஸியின் மகள் காலையிலிருந்து ஒன்றும் தொடவில்லை. “எல்லாரும் சாப்பிடட்டும் அன்ரி, நான் பிறகு பாப்பன்,” என்றாள். பக்கத்தில் போய் இருந்தேன். ஒன்றும் விளக்கவில்லை. எனக்கொரு தட்டும் அவளுக்கொரு தட்டும் போட்டேன். நான் சாப்பிடத் தொடங்கினேன். சிறிது நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் பிறகு தன் தட்டை இழுத்தாள்.

பவானி மிஸ்ஸியிடமிருந்து எனக்குக் கிடைத்தவை நிறைய. இறங்கிய சீனி, நல்ல நித்திரை, விறைப்புக் குறைந்த கால்கள் எல்லாம் கணக்கில் சேரும். ஆனால் நான் என்னோடு வைத்திருக்கப்போவது வேறொன்று. ஒருவர் வரும்வரை பட்டினி கிடப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன். எனக்குப் பசிக்கும்போது, எனக்கென்று ஒரு தட்டை எடுத்து, பயமில்லாமல் சோறு போட்டுக்கொள்ள அவர் என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்.